பாறை எண்ணெயின் பாகுநிலை மதிப்பீடு – ஓர் அறிவியல் தமிழ் நோக்கு

முன்னுரை

எள், நெய் என்னும் இரு சொற்களின் சேர்க்கையால் பிறந்தது எண்ணெய் என்னும் சொல். எள்ளினின்று பிழிந்ததற்கு மட்டும் உரியதாய் இருந்த அப்பெயர், காலப்போக்கில் தேங்காய், வேம்பு, ஆமணக்கு ஆகியவற்றின் நெய்களுக்கும் பொதுப்பெயராயிற்று. இறுதியில், எள்ளோடு எவ்வகை உறவும் இல்லாததாய், நிலத்தின் அடியாழத்திலிருந்து மேலே கொணரப்பெறும் கரிய நீர்மத்திற்கும் அதுவே பெயராகி நின்றது. பாறை, நெய் என்னும் பொருளுடைய பழஞ்சொற்களை இணைத்து மேலைநாட்டார் பெட்ரோலியம் என்றனர். அரபு மொழியார் நஃப்த் என்பர். நாம் கச்சா எண்ணெய் என்கின்றோம்.

வளைகுடா நாடுகளின் எண்ணெய் வயல்களிலும் தூய்விப்பு ஆலைகளிலும் நம்மவர் பலர் உழைத்து வருகின்றனர். அவர்தம் உழைப்பின் பயன் நம் ஊர்களில் வீடுகளாகவும் பள்ளிக்கூடங்களாகவும் எழுந்து நிற்கின்றது. ஆயினும் அவர்கள் நாள்தோறும் கையாளும் பொருளின் இயல்பைத் தமிழில் விளக்கிக் கூறும் கட்டுரைகள் மிகச் சிலவே. பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் அமரும் வேதியியல், இயற்பியல் மாணவர்கள், 'கணக்கோடு கூடிய அறிவியலைத் தமிழில் எழுத இயலுமா' என்று வினவுவதுண்டு. கதையையும் கவிதையையும் தாங்கும் மொழி சூத்திரத்தையும் தாங்குமா என்பதே அவ்வினாவின் உட்பொருள். வாதத்தால் விடை கூறுவதினும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எழுதிக் காட்டுதலே தக்கது என்னும் எண்ணத்தால் எழுந்தது இக்கட்டுரை. கனரகக் கச்சா எண்ணெயின் பாகுநிலையைத் தரவுகளைக் கொண்டு மதிப்பிடுவது எங்ஙனம் என்பதே இதன் பொருளாகும்.

பாகு, பதம், பாகுநிலை

தமிழகப் பாடநூல்கள் பாகுநிலை என்று கூறுவதை ஈழத்து நூல்கள் பிசுக்குமை என்று கூறும். இரண்டும் நல்ல சொற்களே. எனினும் பாகு என்னும் சொல்லுக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. வெல்லப்பாகு காய்ச்சும் தாய்மார் ஒரு துளியை விரலிடையே எடுத்துப் பிரித்துப் பார்த்துக் கம்பிப் பதம் என்பர். நீரில் இட்டு உருட்டிப் பார்த்து உருட்டுப் பதம் என்பர். பாகின் ஓட்டத் தடையை அதன் சூட்டோடும் செறிவோடும் தொடர்புபடுத்திக் கண்ணாலும் கையாலும் மதிப்பிடும் முறையன்றோ இது! அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்டால் பாகு இறுகும். மீண்டும் சூடேற்றினால் இளகும். இவ்வொரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் இனி வருவனவற்றுள் பாதி விளங்கிவிடும்.

ஒரு நீர்மம் ஓடும்போது அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கிச் செல்கின்றன. அவ்வாறு செல்கையில் ஓர் அடுக்கு அடுத்த அடுக்கைப் பிடித்திழுக்கும் அகஉராய்வே பாகுநிலை எனப்படுவது. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட தம் பெருநூலில் இதனைப் பற்றிக் குறித்துள்ளார். இதன் அலகாகிய பாய்ஸ் என்பது பிரெஞ்சு நாட்டு மருத்துவர் பாய்சேயின் பெயரால் அமைந்தது. எண்ணெயைக் கருதியன்று, குருதி நுண்குழல்களில் எவ்வாறு ஓடுகின்றது என்பதை அறியவே அவர் நுண்புழைகளை ஆராய்ந்தார். குழலின் ஆரம் இருமடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்காகும், பாகுநிலை இருமடங்கானால் ஓட்டம் பாதியாகும் என்பவை அவர் ஆய்வு தந்த பயன்கள். குருதிக்குக் கண்ட விதி கச்சா எண்ணெய்க் குழாய்க்கும் பயன்பட்டது.

பாய்ஸ் அலகின் நூறில் ஒரு பங்கு சென்டிபாய்ஸ். 20 செல்சியஸ் பாகையில் தண்ணீரின் பாகுநிலை ஏறத்தாழ 1 சென்டிபாய்ஸ். அதே வெப்பநிலையில் ஆமணக்கெண்ணெயின் பாகுநிலை ஏறத்தாழ 1,000. கனரகக் கச்சா எண்ணெய் என்று வகைப்படுத்தப்பெறுவது, நிலத்தடியில் உள்ள நிலையில், பொதுவாக 100 முதல் 10,000 சென்டிபாய்ஸ் வரை இருக்கும். 10,000-க்கு மேற்பட்டதைப் பிட்டுமென் என்பர். தெருவில் சாலை போடுவோர் காய்ச்சும் தார் நம் கண்முன் உள்ள நல்ல சான்று.

எடையும் ஓட்டமும்

கனரகம் என்னும் அடைமொழி எண்ணெயின் அடர்த்தியைக் குறிப்பது. எண்ணெய்த் தொழிலில் அடர்த்தியை ஏ.பி.ஐ. பாகை என்னும் அளவால் கூறுவர். 141.5 என்னும் எண்ணை ஒப்படர்த்தியால் வகுத்து, வந்த ஈவிலிருந்து 131.5 கழித்தால் அப்பாகை கிடைக்கும். தண்ணீரின் ஒப்படர்த்தி 1. ஆகவே தண்ணீர் 10 பாகை. எண்ணெய் கனக்கக் கனக்கப் பாகை குறையும் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்; இத்தலைகீழ் முறையால் இடர்ப்படாதார் அரியர். 22.3 பாகைக்குக் கீழ்ப்பட்டது கனரகம். 10-க்கும் கீழ்ப்பட்டது மிகு கனரகம், அதாவது நீரில் மூழ்கும் எண்ணெய்.

நீர்மங்களின் ஒப்படர்த்தியை நுட்பமாக அளக்கும் கலை நெடுங்கால மரபுடையது. அல்-பிரூனி பல பொருள்களின் ஒப்படர்த்தியை அளந்து எண்களாகத் தந்தார். அவர் வழியில் வந்த அப்துர் ரஹ்மான் அல்-காஸினி, மெர்வு நகரில் இருந்து 1121-இல் இயற்றிய மீஸானுல் ஹிக்மா என்னும் நூலில், தராசின் நுட்பத்தையும் நீர்மத்தில் மிதக்கவிட்டு ஒப்படர்த்தி காணும் கருவியையும் விரித்துரைத்துள்ளார். இன்று ஆய்வுக்கூடத்தில் கச்சா எண்ணெய்க் குவளையில் மிதக்கும் கண்ணாடிக் கருவி அம்மரபில் வந்ததே. முன்னோர் பெருமை பேசி அமைவதற்காக இதனைக் கூறவில்லை. அடர்த்தியை எவ்வளவு நுட்பமாக அளக்க வேண்டும் என்பது இனி வரும் கணக்கில் தெரியவரும்.

கனத்த எண்ணெய் எல்லாம் ஓடாத எண்ணெய் என்று கருதுதல் பொருந்தாது. வெனிசுவேலா நாட்டின் ஒரினோகோப் பகுதியிலும் கனடா நாட்டின் அதபாஸ்காப் பகுதியிலும் கிடைக்கும் எண்ணெய்கள் அடர்த்தியில் ஏறத்தாழ ஒத்தவை. இரண்டும் 8 பாகையை ஒட்டியவை. ஆயினும் ஒரினோகோவின் எண்ணெய்த் தேக்கம் 50 செல்சியஸ் பாகையை ஒட்டிய வெப்பமுடையது; அங்கு எண்ணெயின் பாகுநிலை ஆயிரக்கணக்கில் நிற்பதால், கிணறு தோண்டி எக்கி வைத்து எடுத்துவிட முடிகின்றது. அதபாஸ்காவின் தேக்கமோ 10 பாகையை ஒட்டிய குளிரில் உறைந்து கிடப்பது. அங்குப் பாகுநிலை பத்து இலட்சம் சென்டிபாய்ஸைத் தாண்டும்; மணலோடு ஒட்டிக் கிடக்கும் அதனை வெட்டி எடுத்து வெந்நீரால் பிரிப்பர், அல்லது நிலத்தடியில் நீராவியைச் செலுத்தி உருக்கி வடிப்பர். ஒரே எடையுடைய எண்ணெய், ஓரிடத்தில் ஓடுகின்றது, மற்றோரிடத்தில் ஓடவில்லை. நாற்பது பாகை வெப்ப வேறுபாடு தொழில் முறையையே மாற்றிவிட்டது.

ஓமன் நாட்டின் முகைஸ்னா வயலிலும் குவைத்தின் வடபகுதியில் உள்ள ரத்கா வயலிலும் நீராவி செலுத்தும் முறை கையாளப்பெறுகின்றது. நம் நாட்டில் வட குஜராத்தின் மெஹ்சானாப் பகுதியில் உள்ள பலோல், சந்தால் வயல்களில் வேறொரு வழி. நிலத்தடியில் காற்றைச் செலுத்தி, எண்ணெயின் ஒரு பகுதியை அங்கேயே எரியவிட்டு, அவ்வெப்பத்தால் எஞ்சியதை இளக்குவர்.

மதிப்பீடு எதற்கு?

அளந்தே அறியலாமே, மதிப்பீடு எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பு. ஒரு வயலில் நூற்றுக்கணக்கான கிணறுகள் இருக்கும். அவற்றுள் சிலவற்றிலிருந்தே நல்ல மாதிரி கிடைக்கும். கிடைத்த மாதிரியையும் இரண்டு மூன்று வெப்பநிலைகளிலேயே அளந்திருப்பர். நீராவி செலுத்தினால் 200 பாகையில் என்னவாகும், குளிர்காலத்தில் குழாயில் 5 பாகையில் என்னவாகும் என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே கூற வேண்டும். பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856-இல் வெளியிட்ட விதிப்படி, நுண்துளைப் பாறையினூடே ஓடும் நீர்மத்தின் ஓட்டம் பாகுநிலைக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். பாகுநிலையை 500 என மதித்து, உண்மையில் அது 1,000 ஆக இருந்துவிடின், பிற யாவும் மாறாதிருக்க, கிணறு எதிர்பார்த்ததில் பாதியே தரும். எக்கியின் ஆற்றல், குழாயின் விட்டம், கொதிகலன்களின் எண்ணிக்கை யாவும் அம்மதிப்பீட்டின்மேல் எழுப்பப்பெறுவன. கனடாவின் குழாய்வழிகளில் எண்ணெயை ஏற்றுக்கொள்ள 350 சென்டிஸ்டோக்ஸ் என்னும் உச்சவரம்பு விதித்துள்ளனர். அதனினும் மிகுந்தால் மெல்லிய எண்ணெய் கலந்தே அனுப்பவேண்டும். எவ்வளவு கலப்பது என்பதும் மதிப்பீடே.

ஒரு சூத்திரமும் அதன் எல்லையும்

அமெரிக்க நாட்டின் பெக்ஸ், ராபின்சன் என்னும் இருவர் 1975-இல் வெளியிட்ட சூத்திரம் எண்ணெய்த் தொழிலில் பெரிதும் வழங்குவது. பல நூறு எண்ணெய் மாதிரிகளின் அளவீடுகளைத் திரட்டி, அவற்றுக்குப் பொருந்தும் கோட்டை வரைந்து பெற்றது அது. ஏ.பி.ஐ. பாகையும் வெப்பநிலையும் தெரிந்தால், வாயு நீங்கிய எண்ணெயின் பாகுநிலையைத் தந்துவிடும். அதனைத் தமிழிலேயே கூறுவோம்.

ஏ.பி.ஐ. பாகையை 0.02023-ஆல் பெருக்குக. அப்பெருக்குத் தொகையை 3.0324-இலிருந்து கழிக்க. வந்ததைப் பத்தின் அடுக்காக ஏற்றுக. கிடைக்கும் எண்ணை முதலெண் என்போம். வெப்பநிலையைப் பாரன்ஹீட் பாகையில் எடுத்து, அதனை 1.163 என்னும் அடுக்குக்கு உயர்த்தி, அதனால் முதலெண்ணை வகுக்க. அந்த ஈவை மீண்டும் பத்தின் அடுக்காக ஏற்றி, ஒன்றைக் கழிக்க. எஞ்சுவது பாகுநிலை, சென்டிபாய்ஸ் அலகில்.

16 பாகை எண்ணெய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலெண் ஏறத்தாழ 511. வெப்பநிலை 100 பாரன்ஹீட் எனின், பாகுநிலை ஏறத்தாழ 258 எனக் கிடைக்கும். 200 பாரன்ஹீட்டில் அது 11-ஆக வீழும். 70 பாரன்ஹீட்டில், அதாவது நமக்கு இதமான காலைப் பொழுதின் வெப்பத்தில், 4,500-ஐ எட்டும். முப்பது பாகை குளிர்ந்ததில் பதினேழு மடங்கு தடித்துவிட்டது.

இனி அடர்த்தியைச் சிறிது மாற்றிப் பார்ப்போம். 16-க்கு மாற்றாக 15 பாகை எனக் கொண்டால், 100 பாரன்ஹீட்டில் பாகுநிலை 337 ஆகின்றது. முப்பது விழுக்காடு மிகுதி. 16 பாகைக்கு ஒப்படர்த்தி 0.9593; 15 பாகைக்கு 0.9659. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு விழுக்காட்டிலும் குறைவு. அடர்த்தியில் நேரும் முக்கால் விழுக்காட்டுக்கும் குறைவான பிழை, பாகுநிலையில் முப்பது விழுக்காட்டுப் பிழையாக வளர்ந்து நிற்கின்றது. அல்-காஸினி தராசின் நுட்பத்திற்கு ஒரு பெருநூலே எழுதியதன் அருமை இவ்விடத்தில் புலப்படும்.

இச்சூத்திரத்திற்கு அடிப்படையான தரவுகள் 16 முதல் 58 ஏ.பி.ஐ. பாகை வரையிலும் 70 முதல் 295 பாரன்ஹீட் வரையிலும் அமைந்தவை. கனரக எண்ணெயின் பெரும்பகுதி 16-க்கும் கீழ்ப்பட்டது! 8 பாகை எண்ணெயை 50 பாரன்ஹீட்டில் வைத்து இச்சூத்திரத்தை வினவினால் ஏழு கோடி சென்டிபாய்ஸ் என்று விடை தரும். எல்லைக்கு உள்ளே நின்று கேட்டாலும் வெளியே நின்று கேட்டாலும் சூத்திரம் தயங்காது. ஒரே முகத்தோடு ஓர் எண்ணைத் தந்துவிடும். அவ்வெண்ணுக்குப் பின்னால் அளவீடு உண்டா என்று பார்க்கும் பொறுப்பு கணக்கிடுபவருடையது. கனரக எண்ணெய்க்கெனத் தனிச் சூத்திரங்கள் பின்னர் எழுந்தமைக்கு இதுவே காரணம்.

இடைச்செருகல், புறச்செருகல்

தெரிந்த இரு அளவுகளுக்கு இடைப்பட்ட அளவைக் காண்பதை இடைச்செருகல் என்றும், அவற்றுக்கு அப்பாற்பட்டதைக் காண்பதைப் புறச்செருகல் என்றும் நம் கணிதப் பாடநூல்கள் கூறும். தமிழ்த்துறையினர்க்கு இடைச்செருகல் என்றாலே உள்ளம் துணுக்குறும். ஏட்டுச் சுவடியில் பின்னோர் புகுத்திய பாடலை அங்ஙனம் அழைத்து ஒதுக்குவது நம் வழக்கம். கணிதத்தில் அது குற்றமன்று, முறை. எனினும் சுவடிப் பதிப்பாசிரியரின் ஐயம் அங்கும் சிறிது தேவைப்படுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு கனரக எண்ணெய் 40 செல்சியஸில் 1,000 சென்டிஸ்டோக்ஸ் என்றும், 100 செல்சியஸில் 40 என்றும் அளக்கப்பட்டதாகக் கொள்வோம். (சென்டிஸ்டோக்ஸ் என்பது பாகுநிலையை அடர்த்தியால் வகுத்துப் பெறும் அளவின் அலகு.) இரண்டிற்கும் நட்டநடுவே 70 செல்சியஸில் எவ்வளவு இருக்கும்? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 520 என்று கூறத் தோன்றும். நேர்க்கோட்டில் மாறும் பொருளுக்கே அக்கணக்கு செல்லும். பாகுநிலை அவ்வாறு மாறுவதன்று.

வால்தர் என்னும் அறிஞர் கண்ட முறை ஒன்றுண்டு. அமெரிக்கத் தரநிலை அமைப்பும் அதனைச் செம்மைசெய்து ஏற்றுள்ளது. பாகுநிலையோடு 0.7 கூட்டி, அதற்கு மடக்கை காண்க. அம்மடக்கைக்கு மீண்டும் மடக்கை காண்க. வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்து அதற்கும் மடக்கை காண்க. இவ்விரண்டையும் வரைபடத்தாளில் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டை ஒட்டி அமையும். மேற்கூறிய எண்ணெய்க்கு, 40 பாகையில் இரட்டை மடக்கை 0.4772, 100 பாகையில் 0.2067. 40-க்கும் 100-க்கும் உரிய கெல்வின் மடக்கைகள் 2.4958, 2.5719, இடையில் 70-க்கு உரியது 2.5355. நேர்க்கோட்டுக் கணக்கால் 70 பாகையின் இரட்டை மடக்கை 0.3360 என வரும். அதனை இருமுறை விரித்து 0.7 கழித்தால் ஏறத்தாழ 147 சென்டிஸ்டோக்ஸ். வெறும் சராசரி தந்த 520 எங்கே, இது எங்கே! சராசரியை நம்பியவர் தேவைக்கு மூன்றரை மடங்கு ஆற்றலுள்ள எக்கிக்குப் பணம் கொடுத்திருப்பார்.

இவ்வளவு நன்று. இதே கோட்டைக் கீழ்நோக்கி நீட்டி 20 செல்சியஸில் எவ்வளவு என்று கேட்டால் 6,200 என்னும் விடை வரும். இது புறச்செருகல், 147-ஐப் போல் இதனை நம்புதல் இயலாது. குளிரும்போது எண்ணெயில் மெழுகு படியலாம். அதன்பின் அது நியூட்டன் விதிக்கு உட்பட்டு ஓடாது. வேகமாகக் கலக்கினால் ஓர் அளவும், மெல்லக் கலக்கினால் வேறோர் அளவும் காட்டும். பாகுநிலை இவ்வளவு என்று ஒற்றை எண்ணால் கூறுவதே அப்போது பொருளற்றுப் போகும்.

ஒரு சோறும் ஒரு பானையும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. மாதிரியெடுப்பு என்னும் புள்ளியியல் கோட்பாட்டை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. ஆயின் பழமொழியின் உள்ளே ஒரு நிபந்தனை மறைந்துள்ளது. பானை ஒன்று, அரிசி ஒன்று, நெருப்பும் கொதியும் எங்கும் ஒன்று. எண்ணெய்த் தேக்கம் அத்தகைய பானையன்று. அதபாஸ்கா போன்ற இடங்களில் ஒரே கிணற்றின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் பாகுநிலை பல மடங்கு வேறுபடும். நிலத்தடி நுண்ணுயிர்கள் எண்ணெயின் இலேசான கூறுகளை ஊழிக்கணக்கில் உண்டு தீர்த்தமையே எண்ணெய் கனத்ததற்குக் காரணம். அவை நீர் அடுத்த இடத்தில் மிகுதியாகவும் பிற இடங்களில் குறைவாகவும் உண்டிருக்கும்.

எடுத்த மாதிரியும் கெடும். மூடி சரியாக இல்லாத கலத்தில் வைத்தால் இலேசான கூறுகள் ஆவியாகிப் பாகுநிலை ஏறிவிடும். எண்ணெயில் நுண்துளிகளாய் நீர் கலந்திருந்தாலும் ஏறும். மணலிலிருந்து பிரிக்கக் கரைப்பானைப் பயன்படுத்தி, அது முற்றும் நீங்காமல் சிறிது தங்கிவிட்டாலோ பாகுநிலை பெரிதும் இறங்கும். இவை யாவும் அட்டவணையில் ஒரே வரிசையில் ஒழுங்காக எழுதப்பட்டு, பார்ப்பவர்க்கு ஒரே தகுதியுடையனவாய்த் தோன்றும். திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம், அளவில் மோசம் செய்வோரின் பெயரையே தலைப்பாகக் கொண்டது. அங்குப் பேசப்பெறுவது கடைத்தெருவின் மரக்காலும் தராசும். ஆய்வுக்கூடத்தின் அளவு அதனின் வேறானது என்று கொள்ள இடமில்லை.

அடர்த்தி ஒத்திருந்தும் பாகுநிலை வேறுபடும் எண்ணெய்களும் உண்டு. கச்சா எண்ணெயின் கூறுகளை நிறைவுற்றவை, அரோமாட்டிக் வகையின, ரெசின்கள், அஸ்பால்டீன்கள் என நான்காகப் பகுப்பர். இவற்றுள் அஸ்பால்டீன் ஹெப்டேனில் கரையாது, டொலுவீனில் கரையும். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரண்டு நிற்கும் இயல்பின. பாகில் திரிந்து நிற்கும் கட்டிகளைப் போல அவை ஓட்டத்தைத் தடுக்கும். ஆகவே அடர்த்தி, வெப்பநிலை என்னும் இரண்டோடு அஸ்பால்டீனின் அளவையும் தருவோமாயின் மதிப்பீடு செம்மையுறும். நிலத்தடியில் எண்ணெயோடு கரைந்துள்ள வாயு பாகுநிலையைக் குறைக்கும். வாயு பிரிந்து வெளியேறினால் ஏறும். அதற்கும் தனிச் சூத்திரங்கள் உள, விரிவஞ்சி விடுக்கின்றோம்.

கணிப்பொறி கற்றல்

இத்தனைக் காரணிகளையும் ஒரு சூத்திரத்துள் அடக்குதல் அரிதாகவே, இந்நாளில் தரவுகளைக் கணிப்பொறிக்கு இட்டு, தொடர்பை அதுவே கண்டுகொள்ளுமாறு விடும் முறை பெருகியுள்ளது. இதனை இயந்திரவழிக் கற்றல் என்பர். கணிப்பொறி பின்பற்றும் படிமுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் அல்காரிதம் என்னும் பெயர், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயர் திரிந்தது என்பது பலரும் அறிந்ததே. பெயரின் பெருமை ஒருபுறம் இருக்க, அம்முறையின் சோதனையில் நேரும் ஒரு பிழை ஆசிரியத் தொழிலில் உள்ளார்க்கு எளிதில் விளங்கும்.

நூறு எண்ணெய்கள், ஒவ்வொன்றையும் பத்து வெப்பநிலைகளில் அளந்துள்ளனர். ஆக ஆயிரம் வரிகள். அவற்றுள் எண்ணூற்றைக் கணிப்பொறிக்குக் கற்பித்து, எஞ்சிய இருநூற்றைக் கொண்டு தேர்வு வைக்கின்றனர். சீட்டுக் குலுக்கிப் பிரித்தால் ஒரே எண்ணெயின் எட்டு வரிகள் பாடத்திலும் இரண்டு வரிகள் தேர்விலும் வந்துவிடும். 60 பாகையிலும் 80 பாகையிலும் அவ்வெண்ணெயை முன்பே கண்ட கணிப்பொறி, 70 பாகையில் எவ்வளவு என்று கேட்டால் இடைச்செருகலால் விடை சொல்லிவிடும். மதிப்பெண் தொண்ணூற்றெட்டு வரும். புதிய வயலிலிருந்து இதுவரை காணாத எண்ணெய் வந்தால் தடுமாறும். மாதிரி வினாத்தாளையே தேர்வுத்தாளாகக் கொடுத்து மாணவனைத் தேர்ச்சியுறச் செய்தது போன்றது இது. பிரிக்க வேண்டியது வரிகளையன்று, எண்ணெய்களை, இயலுமாயின் வயல்களையே. எண்பது எண்ணெய்களைக் கற்பித்து, எஞ்சிய இருபதை ஒரு வரியும் காட்டாமல் மறைத்துவைத்துத் தேர்வு வைத்தால் மதிப்பெண் குறையும். அக்குறைந்த மதிப்பெண்ணை நம்பியே முதலீடு செய்தல் வேண்டும்.

பிழையை அளக்கும் முறையிலும் கருத்து வேண்டும். உண்மையில் 10 சென்டிபாய்ஸ் ஆனதை 20 என்று மதித்தால் பிழை வெறும் 10; ஆனால் மதிப்பீடு இருமடங்கு தவறு. 1,00,000 ஆனதை 1,00,100 என்று மதித்தால் பிழை 100. எனினும் அதனைப் பிழையென்றே யாரும் கூறார். இரண்டையும் அவ்வாறே கூட்டிச் சராசரி கண்டால், மிகத் தடித்த சில எண்ணெய்களே முழுக் கணக்கையும் ஆட்டிப்படைக்கும். எனவே பாகுநிலையின் மடக்கையை எடுத்து, மடக்கையில் எவ்வளவு பிழை என்று காண்பதே முறை. எத்தனை மடங்கு தவறினோம் என்பதை அது நேராகக் கூறும்.

மதிப்பீட்டை எழுதுவோர் 258 என்று மட்டும் எழுதி அமைதல் போதாது. எவ்வெப்பநிலையில், வாயு கரைந்த நிலையிலா நீங்கிய நிலையிலா, எச்சூத்திரத்தால், அச்சூத்திரத்தின் தரவு எல்லைக்குள்ளா வெளியிலா, மேலும் கீழும் எத்தனை மடங்கு வேறுபடலாம் என்னும் இவ்வைந்தையும் உடன் எழுதினாலன்றி அவ்வெண்ணைப் பயன்படுத்துவோர்க்கு அதன் தகுதி விளங்காது.

மாணவர்க்கு ஒரு கணக்கு

18 ஏ.பி.ஐ. பாகையுள்ள கச்சா எண்ணெயின் பாகுநிலையை 150 பாரன்ஹீட் பாகையில் பெக்ஸ், ராபின்சன் சூத்திரத்தால் காண்க. மடக்கை அட்டவணை ஒன்று போதும். முதலெண் ஏறத்தாழ 466 எனவும் இறுதி விடை ஏறத்தாழ 22.6 சென்டிபாய்ஸ் எனவும் வருதல் வேண்டும். பின்னர் அதே எண்ணெயை 60 பாரன்ஹீட்டில் கணக்கிட்டு, வரும் விடையை ஏற்கலாமா ஆகாதா என்பதைக் காரணங்காட்டி இரண்டு வரிகளில் தமிழில் எழுதுக.